குடுவைக்குள் யார் கை?

கேள்வி (வாசகர் ஒருவர்), 2.2.2025

"மில்லர் பரிசோதனை செல்லாது என்று எப்போதோ காட்டிவிட்டார்கள். அந்தக் காலத்துப் பூமியில் அப்படிப்பட்ட காற்றே கிடையாதாம். பிறகு ஏன் பாடப் புத்தகத்தில் இன்னும் அதே படத்தைப் போட்டு, உயிர் வேதிப்பொருளிலிருந்து வந்தது என்று எழுதுகிறார்கள்? தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவது மோசடி இல்லையா?"

2.2.2025, இரவு

மோசடி இல்லை. பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

மில்லர் என்ன செய்தார் என்பதை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் பாதிதான் சொல்கிறார்கள். 1952, சிகாகோ பல்கலைக்கழகம். ஸ்டான்லி மில்லர் அப்போது ஆராய்ச்சி மாணவர். வழிகாட்டி ஹரால்ட் யூரி, 1934-லேயே நோபல் வாங்கியவர். கீழே சின்னக் குடுவையில் கொதிக்கும் தண்ணீர். மேலே ஐந்து லிட்டர் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஓயாமல் தீப்பொறி. ஆவி மேலே போய்ப் பொறியைக் கடந்து, குளிர்ந்து, வளைந்த குழாய் வழியாகக் கீழ்க் குடுவைக்கே திரும்பி வரும். முதல் நாள் தாண்டியதும் தண்ணீர் இளஞ்சிவப்பானது. வாரக் கடைசியில் அடர் சிவப்பு. கிருமி வளர்ந்து முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்று மெர்க்குரிக் குளோரைடு சேர்த்தார். வடிதாளில் பிரித்துப் பார்த்தால் கிளைசின், அலனின். 1953 மே 15 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. யூரி தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

உயிரைச் செய்தேன் என்று அந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை. அதை அவர் தலையில் கட்டியது மற்றவர்கள்.

3.2.2025

காற்று விவகாரத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் சொல்வது பெரும்பாலும் சரி. எரிமலைகள் கக்குவது முக்கியமாக நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும். மீத்தேனும் அம்மோனியாவும் நிறைந்த வானம் நெடுநாள் நின்றிருக்க முடியாது என்று 1970-களிலிருந்தே புவியியலாளர்கள் சொல்லி வருகிறார்கள். கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமான, இந்த வேலைக்குக் 'கெட்ட' காற்றில் பொறி விட்டால் அமினோ அமிலம் பெயருக்குத்தான் வந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2008-ல் வேதியியலாளர் கிளீவ்ஸின் குழு அதே கெட்ட காற்றைத் திரும்ப எடுத்தது. பொறியில் நைட்ரைட் உண்டாகிறது, நீர் அமிலமாகிறது, பிறந்த அமினோ அமிலத்தை அந்த நைட்ரைட்டே தின்றுவிடுகிறது என்று கண்டார்கள். அமிலத்தைச் சமன் செய்து, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க ஒரு பொருளும் சேர்த்தபோது விளைச்சல் நன்றாகவே கூடியது. இரும்புச் சத்து மிகுந்த ஆதிக் கடல் இந்த வேலையைச் செய்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

அதே 2008-ல் இன்னொன்று. மில்லர் 2007-ல் இறந்தார். அவர் வைத்துவிட்டுப் போன பழைய சீசாக்களை மாணவர் ஜெஃப்ரி பாடாவின் குழு எடுத்துப் பார்த்தது. எரிமலை வாயைப் போல நீராவியைப் பீய்ச்சியடித்த ஒரு கருவியின் எச்சமும் அதில் இருந்தது. மில்லர் அதைப் பெரிதாக எழுதவே இல்லை. நவீனக் கருவியில் போட்டால் இருபத்திரண்டு அமினோ அமிலங்கள். ஒட்டுமொத்த வானம் எப்படி இருந்தால் என்ன, எரிமலைப் புகைக்குள் மின்னல் அடித்தால் போதும் என்பது இதன் பொருள்.

3.2.2025, அப்புறம்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ மில்லர் ஜெயித்துவிட்டாரா?" என்று ஒருவர். இல்லை. அமினோ அமிலம் கிடைப்பது ஒரு பிரச்சினையே இல்லை என்றுதான் ஆயிற்று. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் எழுபதுக்கு மேல் அமினோ அமிலங்கள். 2025 ஜனவரியில் வெளியான பென்னு குறுங்கோள் முடிவையும் பாருங்கள். குறுங்கோளுக்கே போய் அள்ளி, 2023-ல் கொண்டுவந்த மண். அதில் நம் உடம்புப் புரதங்களில் உள்ள இருபதில் பதினான்கு. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டிலுமாகச் சேர்த்து எழுத்துகள் போல உள்ள ஐந்து காரங்களும் இருந்தன. அங்கே உயிரும் இல்லை, மில்லரும் இல்லை.

பிரபஞ்சம் இந்தச் சாமான்களைச் சர்வ சாதாரணமாகச் செய்து குவிக்கிறது. சண்டை சாமான்களைப் பற்றியதல்ல.

5.2.2025

பிறகு எதைப் பற்றிய சண்டை? நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: குடுவைக்குள் எத்தனை முறை மனிதக் கை நுழைகிறது?

எனக்கு இது புத்தகம் படித்து வந்த யோசனை இல்லை. சில காலம் கரிம வேதியியல் கூடத்தில் வேலை பார்த்தவன். அமினோ அமிலம் இருக்கிறதா என்று பார்க்க நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்குவோம். இருக்கிற இடம் ஊதாவாக மாறும். ஒருநாள் என் தகட்டில் பொட்டு வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் மட்டும் அழகாக ஒரு பெருவிரல் ரேகை, சுழி சுழியாக, ஊதா நிறத்தில். என் விரல்தான். வியர்வையில் இருக்கும் அமினோ அமிலம் போதும், ரேகை அச்சடித்த மாதிரி வந்துவிடும். காவல்துறை கைரேகை எடுப்பதும் இதே மருந்தில்தான். கூடத் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, உனக்கு உயிர் இருக்கிறது என்று நிரூபணமாகிவிட்டது" என்றார்.

விரல் ரேகையாவது கண்ணுக்குத் தெரியும். சுத்தமான பொருளை வாங்கிப் போடுவது, சரியான நேரத்தில் நிறுத்துவது, தேவையற்றதை வடித்துக் கொட்டுவது இதெல்லாமும் கைதான். எந்தத் தகட்டிலும் ஊதாவாகத் தெரியாது.

6.2.2025

மேலே உள்ளதற்கு ஓர் உதாரணம் கேட்டிருக்கிறார்கள். பார்மோஸ் வினை. 1861-ல் புட்லெரொவ் கண்டது: பார்மால்டிஹைடைச் சுண்ணாம்புக் கரைசலில் சூடாக்கினால் சர்க்கரைகள் வரும். ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்புக்கு ரைபோஸ் சர்க்கரை வேண்டும் அல்லவா, அதனால் உயிர்த் தோற்றக்காரர்களுக்கு இது செல்லப்பிள்ளை.

செய்து பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. தெளிந்த தண்ணீர் மாதிரி நிற்கும், ஏதோ சரியில்லை என்று தோன்றும். பிறகு சட்டென்று மஞ்சளடிக்கும். அங்கிருந்து நின்று பார்க்க நேரமில்லை. பழுப்பு, கரும்பழுப்பு, கருகிய வாடை, அடியில் பிசின். ரைபோஸ் அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது, வந்ததும் நிலைக்காது. மஞ்சள் திரும்பும் பதம் பார்த்து இறக்கிவிட வேண்டும். ஆதிப் பூமியில் பதம் பார்த்து இறக்கியது யார்?

வேதியியலாளர் ஸ்டீவன் பென்னர் இதைத் தார்ப் பிரச்சினை என்கிறார். கரிமப் பொருளுக்கு ஆற்றலைக் கொடுத்துச் சும்மா விட்டுவிட்டால் அது உயிராவதில்லை, தாராகிறது. கூடத்தில் வேலை செய்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. குடுவை கழுவியவர்கள் நாங்கள்.

இத்தனைக்கும் பென்னர் இந்தத் துறையின் எதிரி இல்லை, உள்ளே இருப்பவர். போரேட் தாதுக்கள் ரைபோஸைப் பிடித்து நிறுத்திக் காக்கும் என்று 2004-ல் காட்டியதும் அவர் குழுதான்.

6.2.2025, இரவு

"அப்படியானால் குப்பைக் கிடங்கில் சூறாவளி அடித்து விமானம் உருவாகும் என்பது போலத்தானே?" வானியலாளர் ஃபிரெட் ஹாய்லின் பழைய வசனம் எப்படியும் வரும் என்று தெரியும். ஆறாம் பதிவு வரை தாங்கியதே பெரிது.

முழு பாக்டீரியா ஒரே மூச்சில் தற்செயலாகக் கூடியது என்று இந்தத் துறையில் யாரும் சொல்லவில்லை. அந்த உவமை யாரும் எடுக்காத நிலைப்பாட்டை அடித்து நொறுக்குகிறது.

9.2.2025

ஆர்.என்.ஏ. உலகம் பற்றிக் கேட்டவருக்கு. இதில் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பழைய சிக்கல் இது: டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும், புரதம் செய்யும் குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. எது முதலில்? 1982-ல் தாமஸ் செக் ஓர் ஒற்றைச்செல் உயிரியின் ஆர்.என்.ஏ. தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைக் கண்டார். புரதம் இல்லாமலே நொதி வேலை. சிட்னி ஆல்ட்மனும் வேறொரு வழியில் அங்கேயே வந்தார். 1989-ல் இருவருக்கும் நோபல். செய்தி, நொதி வேலை இரண்டையும் முதலில் ஆர்.என்.ஏ.வே பார்த்திருக்கும் என்ற கருத்துக்கு 1986-ல் வால்டர் கில்பர்ட் 'ஆர்.என்.ஏ. உலகம்' என்று பெயர் வைத்தார். எனக்கு எல்லாவற்றையும்விட வலுவான சாட்சியாகப் படுவது, செல்லில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம். 2000-ல் அதன் உருவம் அணு அணுவாகத் தெரிந்தபோது, புரத இணைப்பு நடக்கும் இடத்தின் மையத்தில் இருந்தது ஆர்.என்.ஏ. புரதங்கள் சுற்றிலும் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. வெங்கி ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனாத் மூவரும் 2009-ல் நோபல் வாங்கியது இந்த வேலைக்காகத்தான். அதாவது இன்றைக்கும் உங்கள் உடம்பில் உள்ள ஒவ்வொரு புரதத்தையும் கோப்பது ஆர்.என்.ஏ.

ஆனால் ஆர்.என்.ஏ.வை முதலில் யார் கோத்தது? ரைபோஸ் தனி, காரம் தனி, பாஸ்பேட் தனி என்று வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். காரமும் சர்க்கரையும் ஒட்டவே ஒட்டாது. ஜான் சதர்லாந்தும் உடன் உழைத்தவர்களும் 2009-ல் அந்த வரிசையையே கலைத்தார்கள். சர்க்கரையைத் தனியாகவும் காரத்தைத் தனியாகவும் செய்யவே இல்லை. இரண்டுக்கும் நடுவான ஒரு சிறு மூலக்கூறிலிருந்து (2-அமினோ ஆக்சசோல்) இரண்டையும் ஒருசேர வளர்த்தார்கள். பாஸ்பேட்டைக் கடைசிவரை ஒதுக்காமல் முதலிலேயே உள்ளே விட்டார்கள். பைரிமிடின் நியூக்ளியோடைடு வந்தது, அதாவது ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒரு வகைக் கண்ணி. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று கூடத்தில் வேறு வேலை ஓடவில்லை.

சரி, இதில் கை எத்தனை? நிறைய. சுத்தமான மூலப்பொருள்கள், சொன்ன வரிசையில், ஒன்று முடிந்ததும் அடுத்தது. எதிர்ப்பாளர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், நியாயம்தான். கிளெமென்ஸ் ரிச்செர்ட் 2018-ல் நேராகவே எழுதினார்: இத்தகைய பரிசோதனைகளில் மனிதர் எத்தனை முறை குறுக்கிட்டார் என்பதைக் கட்டுரையிலேயே சொல்லுங்கள் என்று. ரொம்பவும் நல்ல யோசனை. விளைச்சல் எத்தனை சதவீதம் என்பதற்குப் பக்கத்தில் கை எத்தனை முறை என்று ஒரு எண். அந்த எண் வருடா வருடம் குறைந்தால் துறை முன்னேறுகிறது என்று அர்த்தம். மூலக்கூறு பட்டியல் நீள்வதால் மட்டும் இல்லை.

10.2.2025

நேற்று எழுதியதில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. கை நுழைகிற இடமெல்லாம் ஒரே தரம் இல்லை.

சதர்லாந்து வழியிலேயே பாருங்கள். 2-அமினோ ஆக்சசோல் எளிதில் ஆவியாகும். ஒரு குட்டையிலிருந்து கிளம்பி வேறிடத்தில் படியலாம், வடிகட்டின மாதிரிதான். அடுத்த படியில் வரும் ரைபோஸ் அமினோ ஆக்சசோலின் தானே படிகமாக விழும், மற்றவை கரைசலில் நிற்கும். கூடத்தில் நாங்கள் பொழுதெல்லாம் செலவழித்துச் செய்யும் சுத்திகரிப்பை அது தானாகச் செய்துகொள்கிறது. புற ஊதா ஒளி பட்டால் தேவையற்ற பல பொருள்கள் சிதைகின்றன, சரியான நியூக்ளியோடைடுகள் தாக்குப்பிடிக்கின்றன.

ஆக, நான் கேட்க வேண்டியது 'கை உண்டா' என்பதல்ல. 'அந்தக் கையின் வேலையைக் கல்லோ வெயிலோ வற்றும் குட்டையோ செய்யுமா' என்பது. சில படிகளில் செய்யும். பார்மால்டிஹைடு மஞ்சளானதும் நிறுத்துவதற்கு எதுவும் தோன்றவில்லை எனக்கு.

10.2.2025, சற்று நேரம் கழித்து

போரேட் என்று ஒருவர் உடனே நினைவூட்டிவிட்டார். ஆமாம், நாலு நாள் முன்னால் நானே எழுதியதுதான். ஆனால் போரேட் காப்பது விளைந்த சர்க்கரையை. அந்த இடத்தில் போரேட் போதுமான அளவு சேர்ந்திருக்க வேண்டும், பார்மால்டிஹைடும் அதே இடத்துக்கு வர வேண்டும். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்.

13.2.2025

குளமா, கடலடியா?

டார்வின் 1871-ல் தன் நண்பர், தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் அம்மோனியாவும் பாஸ்பேட் உப்புகளும் உள்ள ஒரு வெதுவெதுப்பான சிறு குளத்தை ஊகித்தார். ஓபரின் 1924-ல், ஹால்டேன் 1929-ல் அதைக் கடல் அளவுக்குப் பெரிதாக்கினார்கள். (ஹால்டேன் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து குடியுரிமையும் வாங்கி, 1964-ல் புவனேஸ்வரில் இறந்தார். இதற்கும் விவாதத்துக்கும் சம்பந்தமில்லை, எழுதத் தோன்றியது.)

கடலடிக் கட்சி வேறு. 2000-ல் அட்லாண்டிக் அடியில் 'லாஸ்ட் சிட்டி' என்ற வெந்நீர் ஊற்றுத் தொகுதி கிடைத்தது. கரும்புகை கக்கும் ஊற்றுகள் போல அமிலமும் இல்லை, அந்தக் கொதிப்பும் இல்லை. 40 முதல் 90 டிகிரி, பி.எச். 9 முதல் 11, அதாவது காரநீர். பாறை நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் தானாக வெளிவருகிறது. சுண்ணாம்புக் கோபுரங்களுக்குள் நுண்துளைகள். மைக்கேல் ரசல் இப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார். பில் மார்ட்டினும் நிக் லேனும் வாதத்தை வளர்த்தார்கள்: உள்ளே காரநீர், வெளியே ஆதிக் கடலின் சற்றே அமில நீர், நடுவே மெல்லிய கனிமச் சுவர். இன்றைக்கு ஏறத்தாழ ஒவ்வொரு செல்லும் சவ்வின் இரு பக்கமும் புரோட்டான் வித்தியாசத்தை உண்டாக்கி அதில்தான் பிழைக்கிறது. அமில நீரில் புரோட்டான் அதிகம், காரநீரில் குறைவு; அந்த வித்தியாசம் அங்கே இலவசம்.

கேட்க மிக அழகு. எனக்குப் பிடித்த வாதமும் இதுதான். ஆனால் என் கை குளத்துப் பக்கம்தான் போகிறது. காரணம் தண்ணீர். அமினோ அமிலங்களைக் கோத்தாலும் நியூக்ளியோடைடுகளைக் கோத்தாலும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் கடலாக இருந்தால் வினை திரும்பிப் போகத்தான் பார்க்கும். குளம் வற்றும்; வற்றினால் கோர்வை நீளும். நிறைந்தால் கலையும், திரும்ப வற்றும். டேவிட் டீமர் இந்த ஈர-உலர் சுழற்சியில்தான் வாழ்நாளைக் கழித்தார். கூடத்தில் நாங்கள் நீரை இழுத்தெடுக்க எத்தனை பாடுபடுவோம் என்று தெரிந்தவனுக்கு, அதைச் சும்மா செய்துதரும் வெயிலை விட மனசு வரவில்லை.

பாஸ்பேட்டும் குளத்துக்கே சாதகம். சாதாரணமாகக் கால்சியம், பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு கல்லாக்கிவிடும். கார்பனேட் மிகுந்த சோடா ஏரிகளில் கால்சியத்தைக் கார்பனேட் பிடித்துக்கொள்ள, பாஸ்பேட் கரைசலிலேயே தங்குகிறது. டோனரும் கேட்லிங்கும் 2020-ல் இதைக் காட்டினார்கள்.

14.2.2025

கடலடிக் கட்சிக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: குளத்துக்கு இடைவிடாத ஆற்றல் எங்கிருந்து வரும்? ஆதிக் காலத்தில் தரை எவ்வளவு இருந்தது? இரண்டும் பெறுமானமுள்ள கேள்விகள். தரை கொஞ்சம்தான் இருந்திருக்கும். எரிமலைத் தீவுகள் போதும் என்று சமாளிக்கலாம். முதல் கேள்விக்கு என்னிடம் சமாளிப்பும் இல்லை.

16.2.2025

சவ்வு பற்றி ஒன்று. கொழுப்பு அமிலங்கள் தண்ணீரில் தாமே கூடிக் குட்டிப் பைகளாகும். மர்ச்சிசன் கல்லிலிருந்து பிரித்த பொருளிலும் டீமர் அப்படிப் பைகளைப் பார்த்தார். அதற்குள் ஆர்.என்.ஏ.வை வைத்தால் ஆதிசெல் என்று நினைப்போம். படியெடுக்க மெக்னீசியம் வேண்டும். மெக்னீசியம் போட்டால் பை உடைந்து வீழ்படிவாகும். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு விஷம். உயிரியலாளர் ஜாக் ஷாஸ்டாக்கின் கூடத்தில் 2013-ல் சிட்ரேட் சேர்த்துச் சமாளித்தார்கள்: சிட்ரேட் மெக்னீசியத்தைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள, பையும் பிழைத்தது, படியெடுப்பும் நடந்தது. பிரமாதம். ஆதிப் பூமியில் அவ்வளவு சிட்ரேட் ஏது? அங்கே ஒரு கை.

16.2.2025

இடது-வலது பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. அமினோ அமிலங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக, இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவில் வரும். கை பேதமே இல்லாத கிளைசின் நீங்கலாக, நம் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை. மில்லர் குடுவையில் இரண்டும் பாதிப் பாதி. மர்ச்சிசனில் சிலவற்றில் இடக்கை சற்றுக் கூடுதல். அதை வைத்து விண்வெளியே இடக்கைப் பக்கம் சாய்ந்தது என்றார்கள். பென்னுவில் ஏறத்தாழ சமம். சாய்வு வாதத்துக்கு இது நல்ல அடி. வேறு பக்கத்திலிருந்து 2023-ல் ஓஸ்டுர்க், சாசெலோவ் குழு: மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் காந்தமேற்றிய பரப்பில் அந்த ரைபோஸ் அமினோ ஆக்சசோலின் ஒரே கையாகப் படிகமாகிறது. தானே சுத்தமாகும் அதே பொருள் கையையும் தேர்ந்துகொள்கிறது. இதைப் படித்ததும் சதர்லாந்து வழி மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை கூடியது.

19.2.2025

"இத்தனை கை வேண்டியிருக்கிறது என்றால் கடவுள் கை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?"

சொல்லலாம். எந்தப் படியில், எத்தனை டிகிரியில் என்று சொன்னால் சோதித்துப் பார்க்கிறோம்.

21.2.2025

இந்த இழையில் நான் சொல்லியிருக்க வேண்டிய மிக முக்கியமான பரிசோதனையை இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன். 2021. மில்லர் பரிசோதனையை மூன்று விதமாகச் செய்தார்கள்: வழக்கமான கண்ணாடிக் குடுவையில், டெஃப்லான் குடுவையில், டெஃப்லானுக்குள் கண்ணாடித் துண்டுகள் போட்டு. டெஃப்லானில் விளைச்சல் இளைத்துவிட்டது. கண்ணாடித் துண்டு போட்டதும் தேறியது. கண்ணாடிக் குடுவையில்தான் அதிகம்.

அம்மோனியா கலந்த காரநீர் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த சிலிக்காவும் அரித்த பரப்பும் வினைக்கு உதவுகின்றன. மில்லர் காலத்திலிருந்து யாரும் கணக்கில் எடுக்காத ஆள், குடுவையே. மனிதன் செய்த பாத்திரம் என்ற வகையில் அது கை. ஆனால் சிலிக்கா என்றால் பாறை. ஆதிப் பூமியில் எதற்குக் குறை இருந்தாலும் பாறைக்குக் குறையில்லை. கை என்று நான் கழித்துக்கொண்டிருந்த ஒன்று பூமியின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இப்படி எத்தனை இருக்கும் என்று தெரிந்துகொள்ளச் சும்மா கழுவி எறிந்த தாரையும் ஆராய வேண்டும். என் காலத்தில் குடுவையைக் கழுவிக் கவிழ்ப்பதோடு சரி.

22.2.2025

முதலில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "சரி, பாடப் புத்தகத்தில் என்னதான் போடச் சொல்கிறீர்கள்?"

மில்லர் படம் இருக்கட்டும். கீழே 'ஆதிக் காற்று' என்று எழுதியிருப்பதை 'எரிமலைப் புகை போன்ற இடங்களில் இருந்திருக்கக்கூடிய காற்று' என்று மாற்றுங்கள். பக்கத்தில் மர்ச்சிசன் கல்லின் படம் ஒன்று, பென்னு மண் ஒன்று. அடுத்த பக்கத்தில் பார்மோஸ் வினையின் பழுப்புக் குடுவை, 'இங்கேதான் சிக்கியிருக்கிறோம்' என்று தலைப்போடு. செய்முறைத் தேர்வுக்கும் அதையே வைக்கலாம், பார்மால்டிஹைடு புகையை யாராவது கவனித்துக்கொண்டால்.